மச்சானின் கிட்டாரும் என் மூன்று விரல்களும்

மேடைப் பலகையில் ஒரு பல் கிடந்தது. மேல்வரிசை முன்பல், வேரோடு வந்தது, அடியில் இரத்தம் ஒட்டியிருந்தது. என் பேஸ் கிட்டாரின் வயர் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் போயிற்று. மிதித்துவிடக்கூடாதே என்று இடது காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு நான் வாசித்தபடியே நின்றேன், ஏனென்றால் மச்சான் நிறுத்தவில்லை. பல்லின் சொந்தக்காரன், ஆறரை அடி உயர டேனிஷ்காரன், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு மேடைக்குக் கீழே மண்டியிட்டிருந்தான். சற்று முன்னர்தான் அவன் பியர்ப் போத்தலோடு மேடையில் ஏறி, "பாடுங்கடா! ஆராவது ஒருத்தன் வாயைத் திறந்து பாடுங்கடா!" என்று தன் பாஷையில் கத்தி, மச்சானின் தோளைப் பிடித்து உலுப்பியிருந்தான். மச்சான் கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அப்படியே திரும்பி, கிட்டாரின் தலைப்பக்கத்தால் அவன் வாயில் ஒரு குத்து. பிறகு அடுத்த சுற்றில் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டான். தாளம் ஒரு இம்மியும் பிசகவில்லை. எங்கள் மூன்றாவது நிகழ்ச்சி அது.

பிராண்டே என்ற டேனிஷ் நகருக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரின் பொது மண்டபம். சனிக்கிழமை பின்னேரம், பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஆட வந்த சனம். அவர்கள் எதிர்பார்த்தது தெரிந்த பாட்டு நாலு. கிடைத்தது, வாயே திறக்காத கறுத்தச் சட்டைக்காரர் மூன்று பேர். பொலிஸ் வந்தது. பல்லுப் போனவன், தான் கால் தடக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான். தன் நெஞ்சு உயரம்கூட இல்லாத ஒருவனிடம் அடி வாங்கினேன் என்று சொந்த ஊரில் எழுதிக்கொடுக்க ஆருக்கு மனம் வரும்? அடுத்த கிழமையே இரண்டு மண்டபக்காரர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்தப் பல்லு உடைக்கிற சுவீடன்காரர் நீங்கள்தானே?" என்று கேட்டார்கள். எங்கள் குழு பெயரெடுத்த கதை இதுதான். இப்போது அதன் தொடக்க காலத்தைப் பற்றி எழுதுகிற சுவீடன் பத்திரிகைக்காரர்கள் "அடங்காத ஆற்றல்" என்று எழுதுகிறார்கள். ஆற்றலாம்! அடிதடி என்று எழுதக் கை கூசுகிறது போலும்.

குழுவின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையுமில்லை. சுவீடன் குழுதான். மச்சான் மால்மோவில் வளர்ந்தவன். ட்ரம்ஸ் அடித்தவன் அவனுடைய பக்கத்து வீட்டு, அசல் சுவீடன்காரன். மூன்றாவது ஆளான நான் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம், பிராண்டேயில், காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் உடுப்பில் ஒட்டிய கண்ணாடித்தூளோடு காரில் ஏறி, மூன்று மணித்தியாலம் ஓடி, பாலத்தைக் கடந்து, மால்மோவில் ஒரு நிலக்கீழ் அறைக்குள் போய் நிற்பேன். உடம்பெல்லாம் கடிக்கும். சொறிந்துகொண்டேதான் பேஸ் பழகினேன்.

மச்சான் என் தாய்மாமனின் மகன், என்னைவிட மூன்று மாதம் மூப்பு. மாமி எறிகணைச் செல் விழுந்து செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவனுடைய அக்கா, அதாவது என் மச்சாள். அவனுடைய ஒன்பதாவது வயதில் மாமா அவனை மட்டும் கூட்டிக்கொண்டு சுவீடனுக்குப் போனார். மச்சாளைப் பிறகு கூப்பிடுவதாகத்தான் பேச்சு. அந்தப் பிறகு வரவேயில்லை. மச்சாள் ஒருவரைக் கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தையைப் பெற்று, வன்னியிலேயே நின்றுவிட்டார். மாமாவும் மால்மோவில் காலமானார். மச்சானுக்கு உலகத்தில் இரத்த உறவென்று மிஞ்சியது அக்கா ஒருத்திதான்.

ஏன் பாடுவதில்லை என்று அவனிடம் ஒருமுறை கேட்டேன். "பாட்டெண்டால் ஆரோ ஒருத்தற்றை பாஷையடா. கிட்டாருக்கு அந்தக் கரைச்சல் இல்லை" என்றான். மேடையில் பாடவும் கூடாது, பேசவும் கூடாது, கடைசியில் நன்றிகூடச் சொல்லக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. அந்தக் காலத்துக் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால், பக்கத்தில் இருக்கும் கிட்டாரின் கம்பிச்சுருள் அதைப் பிடித்து, ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் "டிக்-டிடிக், டிக்-டிடிக்" என்று ஒரு இரைச்சலாக விடும். அதனால் வாசிக்கத் தொடங்கமுதல் மூன்று பேரின் தொலைபேசிகளையும் நிறுத்தி, ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடி, அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அது என் பொறுப்பு. நான் இந்த விசயத்தில் சரியான கண்டிப்புக்காரன் என்பதால் எனக்கே தந்தார்கள்.

மச்சானின் அடிதடி மேடையோடு நிற்கவில்லை. ட்ரம்ஸ்காரனின் மூக்கை இரண்டு தரம் உடைத்தான். ட்ரம்ஸ்காரனும் சும்மா இருக்கவில்லை, ஒருமுறை வானின் பின்கதவால் இவனை வெளியே தள்ளி, விலா எலும்பில் வெடிப்பு விழப்பண்ணினான். அடிபட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு தின்பார்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்காது. ஒரு தமிழ்க் கூட்டத்தில் வாசிக்கக் கூப்பிட்டபோது, ஏற்பாடு செய்த அண்ணை ஒருவர் நடுவில் வந்து ஒலிவாங்கியைப் பிடித்து, "அங்கை சனம் செத்துக்கொண்டிருக்குது, நீங்கள் வாயை மூடிக்கொண்டு கம்பி கிள்ளுறியளோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மச்சான் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துவிட்டான். இடையில் விழுந்து பிரித்ததில் அடி எனக்கு. இரண்டு நாள் ஒரு கண் திறக்கவில்லை. தொழிற்சாலையில் கேட்டவர்களுக்கு, அலுமாரிக் கதவு பட்டது என்று சொன்னேன். அந்த வருடம் முழுக்க எனக்கு எத்தனை கதவுகள் பட்டிருக்கும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கே இருந்திருக்கும்.

இதெல்லாம் போர் முடிவை நோக்கி இறுகிக்கொண்டிருந்த மாதங்கள். சனம் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் ஒதுக்கப்பட்டுவிட்டது. மச்சாள் எப்போதாவது ஆரோ ஒருவரின் சற்றலைற் போனில் எடுப்பார். வரிசையில் நின்று கிடைக்கிற ஒன்றோ இரண்டோ நிமிடம். அந்த அழைப்பில் ஒன்றை நானும் கேட்டேன். ஓகூஸ் நகருக்குப் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் வானை நிறுத்தி, போனை முன்கண்ணாடியில் சாத்தி, மச்சான் ஒலியைக் கூட்டி வைத்திருந்தான்.

"தம்பி, பங்கருக்கு மேலாலை கூவிக்கொண்டு போகுது. பிள்ளை வாய் பேசிறாளில்லை. சனம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ளாலை ஆமிப்பக்கம் போகுது. நாங்களும் போறதோ நிக்கிறதோ? சொல்லு."

"நில்லுங்கோ அக்கா. வெளிக்கிட்டால் சுட்டுப்போடுவாங்கள். இஞ்சை நாங்கள் எல்லாரும் ஊர்வலம் எண்டு ரோட்டிலை நிக்கிறம். இன்னும் ஒரு கிழமைதான், யுத்தநிறுத்தம் வரும், கப்பல் வரும். அசையாதேங்கோ."

"அத்தானும் அப்பிடித்தான் சொல்லுறார். எனக்கெண்டால் பயமாக்கிடக்கு."

"நான் சொல்லுறன் எல்லே அக்கா. அசையாதேங்கோ."

தொடர்பு அறுந்தது. மச்சான் முன்கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி சிலந்தி வலையாக வெடித்து, அவன் முழங்கை வரை இரத்தம் ஓடியது. அந்த ஒரு அழைப்பில் மட்டுமல்ல, பிறகு வந்த இரண்டிலும் அவன் இதையேதான் சொன்னான் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். அவனை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினவன்தான். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து பிராண்டே வரை, எங்கள் சனம் இருந்த டேனிஷ் ஊரெல்லாம், ஹீற்றர் போட்ட அறைக்குள் இருந்துகொண்டு பங்கர்க் குழிக்குள் இருந்தவர்களுக்கு "அசையாதேங்கோ" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் நம்பினோம். தொலைக்காட்சி எங்களிடம் இருந்தது, வரைபடம் எங்களிடம் இருந்தது. செல் மட்டும்தான் எங்களிடம் விழவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு முதல் இசைத்தட்டுக்கான வாய்ப்பு வந்தது. ஓகூஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். வெளியிடுகிற ஆள் எங்களுக்குப் பிடித்துத் தந்தது ஒரே ஒரு பகல். அதற்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இல்லை. காலையில் சாமான் இறக்கும்போதே மச்சான் சொன்னான்: "இண்டைக்கு என்ரை போன் நிக்கக்கூடாது. அக்கா எடுத்து ஆறு நாளாச்சு. இண்டைக்கோ நாளைக்கோ எடுப்பா."

ட்ரம்ஸ்காரன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவன்தான் வழி சொன்னான். தொலைபேசி மச்சானிடம் இருந்தால், கண்ணை மூடி வாசிக்கிற அவனுக்கு அது அதிர்வதே தெரியாது. ஒலிப்பதிவு செய்கிற டேனிஷ் பெண்ணிடம் கொடுத்தால், மச்சாள் டேனிஷைக் கேட்டுவிட்டு பிழையான நம்பர் என்று வைத்துவிடுவார். ஆகவே தமிழ் தெரிந்த என் சட்டைப் பையில், சத்தமில்லாமல் அதிரும்படி இருக்கட்டும். அதிர்ந்தால் எந்த இடத்தில் நின்றாலும் நான் கையைத் தூக்க வேண்டும், எல்லாரும் நிறுத்துவோம். "பத்து தரம் நிறுத்தினாலும் நான் பத்து தரம் திரும்ப அடிப்பேன்" என்று தன் ட்ரம்ஸில் கைவைத்துச் சொன்னான் அந்தச் சுவீடன்காரன். மச்சான் என் பக்கம் திரும்பி, "கை தூக்குவாய்தானே?" என்று கேட்டான். ஓம் என்றேன். அந்த ஓம்தான் இன்றைக்கும் என் காதுக்குள் கிடக்கிறது.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த நீண்ட வாசிப்புக்கு வந்தோம். ஏழு நிமிடம். மச்சான் ஒரு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஆறு தரம் வாசித்து ஆறு தரமும் எங்கேயோ சறுக்கியது. ஏழாவது தரம், என்ன சொல்வது, அது தானாக ஓடத் தொடங்கியது. என் வாழ்க்கையில் நான் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. சொறி தெரியவில்லை, களைப்புத் தெரியவில்லை, விரல் போகிற இடமெல்லாம் சரியான இடமாக இருந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பிகளைப் பிய்த்தெடுக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தான். நாலு நிமிடம் போயிருக்கும். என் நெஞ்சுக்கு மேலே சட்டைப் பை அதிர்ந்தது.

நான் கையைத் தூக்கவில்லை.

ஏன் என்று பதினைந்து வருடத்துக்கு மேலாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பகல் முடிகிறது, இனி இப்படி அமையாது, மூன்று நிமிடம்தானே, மச்சாள் திரும்ப எடுப்பா என்றெல்லாம் அந்த நேரம் நினைத்ததாகப் பலகாலம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். பொய். நான் ஒன்றுமே நினைக்கவில்லை. எனக்கு அது நல்லாயிருந்தது. அவ்வளவுதான். அங்கே ஒரு மனுசி செல் விழுகிற வெளியில் போனோடு நின்றபோது, எனக்கு இங்கே வாசிக்க நல்லாயிருந்தது. எங்கள் சத்தத்துக்குள் அந்த இரைச்சல் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. பை அடங்கியது. அரை நிமிடத்தில் இரண்டாம் முறை அதிர்ந்தது. அதற்கும் வாசித்தேன்.

வாசித்து முடிந்ததும் ட்ரம்ஸ்காரன் குச்சிகளை எறிந்துவிட்டு மச்சானைக் கட்டிப்பிடித்தான். இரண்டு பேரும் பொடியன்கள் மாதிரித் துள்ளினார்கள். நான் மூத்திரம் பெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு இரண்டு, நீளமான வெளிநாட்டு இலக்கம். திரும்ப அடித்துப் பார்த்தேன், போகவில்லை. நேரே போய், "மச்சான், பிழை விட்டிட்டன், அடியடா என்னை" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த இரண்டு இலக்கத்தையும் அழித்தேன். பயம். அவனுடைய கைக்குப் பயம். கோதாரி விழுந்த என் விரல்கள் அழிக்கிற பொத்தானைத் தேடி அமத்தியது எனக்கு இப்போதும் தெரிகிறது.

ஒலிப்பதிவு செய்த பெண் எங்களைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். நாலாவது நிமிடத்தில் நெற்றியைச் சுருக்கி நிறுத்தினாள். "ஆருடையதோ போன்" என்றாள். மச்சான் என்னைப் பார்த்தான்.

"வந்ததோ?"

"இல்லை மச்சான்."

கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். பார்த்தான், ஒன்றும் இல்லை. ஒரு கணம் அவன் என்னை நம்பினான், அந்த முகத்தை நான் கண்டேன். பிறகு அந்தப் பெண்ணிடம் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் போடச் சொன்னான். மற்ற வாத்தியம் எல்லாம் நின்றுபோக, என்னுடைய கிட்டார் மட்டும் அந்த அறையில் ஒலித்தது. டிக்-டிடிக், டிக்-டிடிக். அந்த இடத்தில் என் வாசிப்பு ஒரு கணம் தடக்குகிறது. விரல் கம்பியை விட்டு எழும்பி, நின்று, திரும்ப வந்து அமர்கிறது. ஒருவருக்கும் கேட்காத அந்தத் தடக்கல் அவனுக்குக் கேட்டது. அரை நிமிடம் கழித்து இன்னொரு இரைச்சல். அதில் தடக்கல்கூட இல்லை.

அவன் கத்தவில்லை. என்னுடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முதல் குத்தில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் கீழே விழுந்தேன். அவனுடைய கிட்டாரை வைத்துக்கொண்டு திரிகிற பெட்டி, இரும்பு விளிம்பு போட்டது, திறந்தபடி கிடந்தது. என் இடது கையைப் பிடித்து அதன் விளிம்பில் வைத்து மூடியை அடித்துச் சாத்தினான். ஒருமுறை இல்லை. ட்ரம்ஸ்காரன் பின்னால் வந்து அவனுடைய கழுத்தை முழங்கையால் நெரித்து இழுத்திராவிட்டால் எத்தனை முறை என்று தெரியாது. அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். மச்சான் மூச்சு முட்ட என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான். "அவ என்னட்டைக் கேக்க எடுத்திருக்கிறாடா."

அவசர சிகிச்சைப் பிரிவில், பெட்டி மூடி தானாக விழுந்தது என்று சொன்னேன். கையைப் பார்த்த டாக்டர் என்னையும் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. மூன்று விரல்கள். தகடு வைத்துப் பொருத்தினார்கள். சட்டைப் பொத்தான் போடலாம், தொழிற்சாலையில் கருவி பிடிக்கலாம், கம்பி அழுத்த ஏலாது. அதற்குப் பிறகு இரண்டு கிழமைகூட இல்லை, போர் முடிந்தது. கட்டுப்போட்ட கையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். காட்டியதில் மச்சாளின் முகம் இருக்கிறதா என்று தேடுவேன், இருந்துவிடக்கூடாதே என்றும் தேடுவேன்.

நாலு மாதம் கழித்து முகாமிலிருந்து சேதி வந்தது. மச்சாளும் மகளும் உயிரோடு இருந்தார்கள். அவருடைய மனுசனும், மனுசனின் தாயும் இல்லை. மச்சான் என் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னானாம், "அத்தானைக் கொன்றது உங்கடை மகன்" என்று. அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு, பிறகு ஒரு நாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. குழுவுக்கு வேறு ஒரு பேஸ்காரன் வந்தான். ஆனால் இசைத்தட்டில் வந்தது அந்த ஏழாவது வாசிப்புத்தான். இரைச்சலைச் சுத்தப்படுத்தலாம் என்று அந்தப் பெண் சொல்ல, கை வைத்தால் கையை முறிப்பேன் என்றானாம் மச்சான். சுவீடன் வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த டிக்-டிடிக்கைக் கேட்டுவிட்டு, போரின் காலத்தைச் சொல்லும் துணிச்சலான ஒலி என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தப் பத்திரிகையை நான் குப்பைக்குள் போட்டேன். அந்த ஒரு வாசிப்பால்தான் குழு மேலே போனது. பெரிய மண்டபங்கள், பிற நாடுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மச்சாளும் மகளும் சில வருடங்கள் கழித்து, கள்ளப் பாதையில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரின் கையில் பல நாடுகள் சுற்றி, மால்மோ வந்து சேர்ந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? போன வருடம், மகளுக்கு ஹேர்னிங்கில் உள்ள ஒரு குடும்பத்தில் கல்யாணம் பேசி முடித்துவிட்டு, அழைப்பிதழ் கொடுக்க மச்சாளே பிராண்டேக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குசினி மேசையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தார். என்னுடைய இடது கையை எடுத்து, வளைந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"பொறு தம்பி," என்றார். "அண்டைக்கு நான் ஏன் எடுத்தனான் எண்டு உனக்குத் தெரியுமோ? நான் வெளிக்கிடுவம் எண்டிறன், அவர் நிப்பம் எண்டிறார். ரெண்டு நாளா பங்கருக்குள்ளை இதே சண்டை. கடைசியிலை, என்ரை தம்பியிட்டைக் கேப்பம், அவன் என்ன சொல்லுறானோ அதைச் செய்வம் எண்டு ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டு வந்தனாங்கள். ரெண்டு தரம் அடிச்சன். எடுக்கேல்லை. பின்னாலை நிண்ட சனம் போனைப் பறிச்சிட்டுது. அந்த ஆத்திரத்திலை நான் பிள்ளையைத் தூக்கித் தோளிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை இறங்கிட்டன். நெஞ்சளவு தண்ணி. மிதக்கிறது எல்லாம் காலிலை முட்டும், நான் குனிஞ்சு பாக்கேல்லை. அவர் தாயை விட்டிட்டு வரமாட்டன், பின்னாலை வாறன் எண்டார். அடுத்த நாள் விடியக்காலமை அந்தப் பங்கருக்கு மேலைதான் விழுந்தது. பேந்து வந்த சனம் சொல்லிச்சினம்."

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"என்ரை தம்பி போனை எடுத்திருந்தால் நில்லுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பான். ஒவ்வொரு தரமும் அதைத்தானே சொன்னவன். நான் நிண்டிருப்பன். நாலு பேரும் அந்தக் குழிக்குள்ளை. உன்னைக் கும்பிடுறதோ திட்டுறதோ எண்டு எனக்கே விளங்கேல்லையடா. ஆனால் என்ரை பிள்ளை இருக்கிறாள்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "இதை அவனுக்குச் சொல்லிப்போடாதை. பிள்ளையின்ரை கல்யாணத்திலை தேப்பன்ரை இடத்திலை அவன்தான் நிக்கப்போறான். இதைக் கேட்டுட்டு அவனாலை நிமிந்து நிக்க ஏலாது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிங்கில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். கொலைகாரன் என்று பதினைந்து வருடம் சுமந்தவனுக்கு விடுதலை வந்துவிட்டது, அதை ஆருக்கும் காட்டக்கூடாது என்ற கட்டளையோடு.

கல்யாணத்தில் மச்சான் பட்டு வேட்டி கட்டி, அண்ணன் தம்பி ஒருவரும் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஆணாக மணவறையில் இருந்து, மருமகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தான். தாரை வார்க்கும் தண்ணீரை ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றினான். அந்தக் கை அவ்வளவு மெதுவாக அசைந்து நான் கண்டது அன்றைக்குத்தான். சாப்பாட்டு நேரம், வாழையிலையும் பேப்பர்க் கோப்பையுமாகச் சனம் அலைந்துகொண்டிருந்தபோது, அவன் நேரே என்னிடம் வந்தான். கன்னத்து மயிர் வெள்ளை. முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. என்னுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். பழைய பழக்கத்தில் என் வலது கை முகத்தை மறைக்க எழும்பியது.

"மச்சான், கனகாலம் உன்னிலை கோவமாயிருந்திட்டன்," என்றான். கண்ணெல்லாம் தண்ணீர். "அண்டைக்கு நீ கையைத் தூக்கியிருந்தால், உடனை வெளிக்கிடுங்கோ அக்கா, அத்தானையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். அவரும் தப்பியிருப்பார். இண்டைக்கு அந்த மணவறையிலை அவர் இருந்திருப்பார். பரவாயில்லை, விடு. நான் உன்னை மன்னிச்சிட்டன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தான் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று அவன் முழு மனதாக நம்பினான். முன்கண்ணாடியில் சாத்திய போனில் அசையாதேங்கோ, அசையாதேங்கோ என்று அவன் கத்தியதைக் கேட்டவன் நான் ஒருவன், மற்றது அவனுடைய அக்கா. மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் மச்சாள் ஆருக்கோ பாயாசம் ஊற்றிக்கொண்டு, அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடக் கோபம் எனக்கும் இருந்தது. ஒரே ஒரு வசனம் போதும். அவனை அந்த இடத்திலேயே விழுத்திவிடலாம், கைகூட ஓங்கத் தேவையில்லை.

"ஓம் மச்சான்," என்றேன். "சொல்லியிருப்பாய்."